ஆயில் சேம்பரும் அதன் ஒழுக்கும்

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் அதன் வேகத்தையும் விலையையும் வெளித்தோற்றத்தின் ஒயிலையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களேயன்றி, எஞ்சினின் அடிவயிற்றில் தொங்கிக்கொண்டு, நான்கைந்து லிட்டர் எண்ணெயைத் தாங்கி, கல்லடியும் சேற்றடியும் பட்டு, ஒருவர் கண்ணிலும் படாமலே ஆயுளைக் கழிக்கும் ஆயில் சேம்பருக்கு இரண்டு வாக்கியம் ஒதுக்கவும் அவர்களுக்கு மனம் வந்ததில்லை. ஆனால் பழைய வண்டி ஒன்றை வைத்துப் பராமரிக்கும் எவரும் அதை மறந்திருக்க இயலாது. வண்டி நின்ற இடத்தில் மறுநாள் காலையில் கிடக்கும் கறுப்பு வட்டம் அதன் நினைவை நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

ஒழுக்கு ஏற்பட்டால் பழி வழக்கமாக விழுவது, சேம்பருக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் கார்க் பேக்கிங்கின் தலையில். “கார்க் போயிடுச்சு சார்” என்று மெக்கானிக் சொல்வதும், உடைமைக்காரர் அதை ஒப்புக்கொண்டு புதுப் பேக்கிங்குக்குக் காசு எடுத்துக் கொடுப்பதும், சில மாதங்களில் அதே இடத்தில் அதே கசிவு மறுபடியும் தலைகாட்டுவதும் பல தலைமுறைகளாக நடந்துவரும் சம்பிரதாயம். இந்தச் சிறிய சாதனத்தின் பூர்வோத்தரங்களைச் சற்றுப் பொறுமையோடு ஆராய்கிறவனுக்கு, ஏழைக் கார்க்கின்மீது சுமத்திய குற்றம் பெரும்பாலும் பொய் வழக்கு என்பதும், உண்மையான குற்றவாளிகள் எஞ்சினுக்குள் அடைபட்ட காற்றும் ஸ்பானர் பிடித்த கையின் ஆத்திரமுமே என்பதும் விளங்காமற்போகாது.

ஆதியில் சேம்பர் என்பது எண்ணெயைச் சேமித்துக் காக்கும் பாத்திரமாகவே கருதப்படவில்லை. மோட்டார் வண்டி பிறந்த புதிதில் ஓட்டுநரின் எதிரே இருந்த பலகையில் கண்ணாடிக் குழல்கள் பொருத்திய எண்ணெய்ப் பெட்டி ஒன்று இருக்கும். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் எண்ணெய் பேரிங்குகளை நனைத்து, சிறிது எரிந்து, சிறிது புகையாகி, மிச்சம் கிராங்க் கேஸின் அடியில் தேங்கி, இணைப்புகளின் வழியே சாலைக்குப் போய்ச் சேரும். போன எண்ணெய் போனதுதான் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. ஒழுகுவதை ஒரு குறையென்று எவரும் எண்ணவில்லை. சொல்லப்போனால், அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமற்போனால்தான் உள்ளே சொட்டுவது நின்றுவிட்டதோ என்று ஓட்டுநருக்குக் கவலை பிறந்திருக்கும். இந்நிலையை மாற்றிய யோசனை மோட்டார்க்காரர்களிடமிருந்து வந்ததன்று. பர்மிங்ஹாம் நகரில் நீராவி எஞ்சின்கள் செய்துவந்த பெல்லிஸ் கம்பெனியில் பணியாற்றிய ஆல்பர்ட் பெயின் என்பவர், எண்ணெயைப் பம்பினால் அழுத்திப் பேரிங்குகளுக்குச் செலுத்தி, வழிந்ததை அடியில் சேகரித்து மீண்டும் செலுத்தும் முறைக்கு 1890ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் அம்முறை உயர்ந்த விலை மோட்டார்களிலும் புகுந்துவிட்டது. ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியின் சில்வர் கோஸ்ட் வண்டியில் கிராங்க் ஷாஃப்டுக்கு எண்ணெய் அழுத்தத்தோடுதான் போயிற்று. எண்ணெய் சுற்றிச் சுற்றி வரவேண்டும் என்று ஏற்பட்ட பிறகே, அதுவரை வழிந்ததை ஏந்திக்கொள்ளும் தட்டாக இருந்தது, சிந்தாமல் காக்கவேண்டிய பாத்திரமாக உயர்ந்தது. அந்த உயர்வோடு ஒழுக்கு என்ற அபவாதமும் அதற்கு வந்து சேர்ந்தது.

சாமானியர்களின் வண்டியில் இந்த மாற்றம் எவ்வளவு மெதுவாக நிகழ்ந்தது என்பதற்கு ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வண்டியே சாட்சி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் வெளிவந்த அந்த வண்டியில் எண்ணெய்ப் பம்ப் என்பதே கிடையாது. எஞ்சின், ஃப்ளைவீல், கியர் ஆகிய மூன்றும் ஒரே நீண்ட எஃகுத் தகட்டுச் சட்டியின்மேல் உட்கார்ந்து ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொண்டன. ஃப்ளைவீலில் பொருத்தியிருந்த காந்தங்கள் சுழலும் வேகத்தில் எண்ணெயை வாரி இறைக்க, அதில் ஒரு பங்கை ஒரு குழாய் பிடித்து எஞ்சினின் முன்பக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கனெக்டிங் ராடுகள் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயில் முங்கி எழுந்து மற்றவற்றை நனைத்தன. அளவு பார்க்கும் குச்சியும் இல்லை. சட்டியின் பின்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த இரண்டு சிறு குழாய்த் திருகுகளை, வண்டியின் அடியில் புகுந்து திறந்து பார்க்கவேண்டும்: மேல் திருகில் எண்ணெய் வந்தால் நிறைந்திருக்கிறது, கீழ்த் திருகிலும் வரவில்லையென்றால் உடனே ஊற்றவேண்டும். இந்தச் சட்டிக்கு இன்னொரு பாரமும் இருந்தது. அதன் இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்த கைகள்தாம் எஞ்சினைச் சட்டத்தின்மேல் தாங்கி நின்றன. எண்ணெயை ஏந்துவதோடு எஞ்சினையே சுமந்த ஒரு தகடு, கரடுமுரடான நாட்டுப்புறப் பாதைகளில் பல ஆண்டுகள் ஓடியபின் கோணிப்போனதில் வியப்பில்லை. அந்த வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் இன்றைக்கும் முதலில் செய்கிற காரியம், சட்டியைச் சமதளமான மேஜையில் ஏற்றிக் கோணல் பார்த்து நிமிர்த்துவதே. அதைச் செய்யாமல் எத்தனை உயர்ந்த பேக்கிங்கை வைத்தாலும் பிரயோசனமில்லை என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள்.

மாடல் டி வண்டியின் ஒழுக்கு ஒரு பெருந்தொழிலுக்கே வித்திட்டது. அந்த வண்டிக்குக் கம்பளிப் பிசிரை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் வளையங்களையும் பேக்கிங்குகளையும் செய்து விற்பதற்காக 1918இல் சிக்காகோவில் தோன்றிய ஒரு சிறு ஸ்தாபனம்தான், பிற்காலத்தில் உலகமெங்கும் பேக்கிங் விற்ற ஃபெல்-ப்ரோ. ஃபெல்ட் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு ஊறிப் பருத்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். சுழலும் தண்டைச் சுற்றி வைக்க அது உத்தமமானது. ஆனால் நீண்ட தட்டையான விளிம்புக்கு ஏற்றது அதுவன்று. அங்கே வந்து அமர்ந்தது கார்க்.

கார்க்கின் பிறப்பிடம் போர்ச்சுகல், ஸ்பெயின் முதலான மத்தியதரைக் கடற்பிரதேசங்கள். அங்கே வளரும் ஒருவகை ஓக் மரத்துக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வயதானதும் அதன் பட்டையை முதன்முறை உரிக்கிறார்கள். பிறகு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை, மரத்துக்குச் சேதம் நேராதபடி கோடாலியின் நுனியால் கீறி, முழுமுழுப் பலகையாகக் கழற்றி எடுக்கிறார்கள். 1665இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி பூதக்கண்ணாடியின் அடியில் வைத்துப் பார்த்து, சின்னஞ்சிறு அறைகள் அடுக்கியிருப்பதாக வருணித்த வஸ்து இதுவேயாகும். அந்த அறைகளுக்குள் இருப்பது காற்று. சுவர்களில் இருப்பது எண்ணெயும் நீரும் எளிதில் ஊடுருவ முடியாத மெழுகுத் தன்மையுள்ள ஒரு பொருள். இதன் விசேஷ குணம் வேறொன்று உண்டு. ரப்பரை மேலிருந்து அமுக்கினால் அது பக்கவாட்டில் பிதுங்கும். கார்க்கை அமுக்கினால் அது தனக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ளுமேயன்றி வெளியே பிதுங்காது. மேடும் பள்ளமுமான தகட்டு விளிம்புக்கும் வார்ப்பிரும்புப் பிளாக்குக்கும் நடுவே, மேட்டில் ஒடுங்கியும் பள்ளத்தில் நிமிர்ந்தும் இடைவெளியை நிரப்ப இதைக் காட்டிலும் தகுந்த வஸ்து அக்காலத்தில் கிடைக்கவில்லை. முழுப் பட்டையிலிருந்து நீண்ட பேக்கிங் வெட்டுவது கட்டுபடியாகாது. ஆனால் நியூயார்க்கில் உயிர்காக்கும் மிதவைகள் செய்துவந்த ஜான் ஸ்மித் என்பவர், சூடுபட்ட கார்க் துகள்கள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை 1890களின் தொடக்கத்தில் கண்டறிந்து துகளுக்கும் ஒரு மதிப்பு உண்டாக்கினார். பாட்டில் மூடி செய்து கழித்த துண்டு துணுக்குகளை அரைத்து, பசை கூட்டி, தாளாக இழைக்கும் தொழில் அதையடுத்துப் பெருகியது. மோட்டார்க்காரர்களுக்கு வேண்டியது அந்தத் தாள்தான்.

கார்க்கிடம் குறையே இல்லையென்று சொல்ல நான் வரவில்லை. கடையின் மேல்தட்டில் இரண்டு கோடைகாலம் கிடந்த கார்க் பேக்கிங் உலர்ந்து சுருங்கி, சேம்பரின்மேல் விரித்துப் பார்த்தால் ஒரு முனையில் துளைகள் பொருந்தி மறுமுனையில் அரை அங்குலம் பின்தங்கி நிற்கும். அவசரக்காரன் அதை இழுத்துப் பொருத்தப் பார்ப்பான். அது அப்பளம்போல் ஒடிந்துவிடும். கைதேர்ந்த மெக்கானிக் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் பேக்கிங்கை ஊறவிட்டு, தான் போய் டீ குடித்துவிட்டு வருவார். வரும்போது அது தன் பழைய நீளத்துக்கு மீண்டிருக்கும். ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு வைத்தால் ஒவ்வொரு துளையும் தன் போல்ட்டுக்கு நேரே வந்து நிற்கும்.

பேக்கிங்கை அதன் இடத்தில் நிலைநிறுத்த வேண்டிய பசை அரக்கிலிருந்து வந்தது. சோட்டா நாகபுரிப் பிரதேசத்தின் காடுகளில் பலாச மரத்திலும் குசும மரத்திலும் கூட்டங்கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினைக் காய்ச்சி வடித்துச் செய்யும் ஷெல்லாக், நெடுங்காலம் உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே போயிற்று. அந்தத் தொழிலின் முக்கியத்துவம் கருதியே 1924இல் ராஞ்சிக்கு அருகிலுள்ள நாம்குமில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஸ்தாபிக்கப்பட்டது. ஆல்கஹாலில் கரைத்த ஷெல்லாக்கைத் தூரிகையால் விளிம்பில் தடவினால் ஆல்கஹால் பறந்துபோய்ப் பிசின் இறுகிவிடும். பெட்ரோலும் எண்ணெயும் அதைக் கரைக்கா. பாண்டவர்களை எரிப்பதற்கென்று மாளிகை கட்டப் பயன்பட்ட வஸ்து, இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வண்டிகளின் அடிவயிற்றை அடைக்கக் கப்பலேறியது விதியின் விளையாட்டே. இந்திய அரக்கைக் கரைத்து அமெரிக்காவில் சீசாவில் அடைத்து விற்றவர்கள், சீசாவின்மேல் இறகுத் தலைப்பாகை அணிந்த அமெரிக்கப் பழங்குடித் தலைவரின் உருவத்தை அச்சிட்டதை எண்ணினால் சிரிப்பு வராமலிராது. ஷெல்லாக்கினால் ஒரு தொல்லை உண்டு: அடுத்த தடவை கழற்றும்போது பேக்கிங் பாதி பிளாக்கிலும் பாதி சேம்பரிலுமாகப் பிய்ந்து ஒட்டிக்கொண்டுவிடும். அதைச் சுரண்டியெடுப்பதில் எத்தனையோ பையன்களின் பட்டறைப் பாலபாடம் நடந்திருக்கிறது. பேக்கிங்கைச் சேம்பர்ப் பக்கம் மட்டும் ஒட்டி, பிளாக் பக்கத்தில் வெறும் கிரீஸ் தடவி வைக்கும் பழக்கம் இதிலிருந்து பிறந்ததே.

சேம்பரின் நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் வெளியே நீட்டிக்கொண்டு போகவேண்டியிருப்பதால், பெரும்பாலான எஞ்சின்களில் பக்கவாட்டு விளிம்புகள் தட்டையாகவும் இரு முனைகளும் பிறைபோல் வளைந்தும் அமைந்தன. தட்டையான பகுதிக்கு ஒரு பேக்கிங், வளைவுக்கு வேறொரு பட்டை என்று நான்கு துண்டுகள் வைக்க, நான்கு மூலைகளிலும் ஒன்று மற்றொன்றைச் சந்திக்கும் இடம் நிரந்தரப் பலவீனமாயிற்று. 1955இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற செவர்லே வி-8 எஞ்சினில் பக்கங்களுக்குக் கார்க்கும் முனைகளுக்கு ரப்பரும் வைத்தார்கள். அந்த நான்கு மூலைகளில் ஒரு பொட்டுப் பசை வைக்காதவனுடைய வண்டி ஒழுகியே தீரும் என்பது அந்நாட்டு மெக்கானிக்குகளுக்கெல்லாம் மனப்பாடம். அந்த எஞ்சினுக்கு ஒரே துண்டாக வார்த்த பேக்கிங் வருவதற்கு 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாட்டு அம்பாஸடர் வண்டிக்கு 1959 முதல் வந்த 1489 சி.சி. எஞ்சினும் இதே ஜாதிதான்: இரண்டு பக்கத்துக்கு இரண்டு நீளப் பட்டை, முன்னும் பின்னும் பேரிங் மூடியின் வளைவில் அழுத்தி வைக்க இரண்டு கார்க் துண்டு.

இனிக் காற்றின் சமாசாரத்துக்கு வருவோம். பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தியிருந்தாலும், ஒவ்வொரு வெடிப்பின்போதும் எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு அவற்றைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். வளையங்கள் தேயத் தேய அந்தப் பங்கு பெருகும். உள்ளே இறங்கிய வாயு வெளியேற வழி வேண்டும். பழைய எஞ்சின்களில் அதற்கென்று இருந்ததெல்லாம், பிளாக்கிலிருந்து கீழ்நோக்கி இறங்கிச் சாலையை நோக்கி வாய் திறந்திருக்கும் ஓர் இரும்புக் குழாய். வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று அக்குழாயின் வாயிலிருந்து வாயுவை உறிஞ்சி இழுக்கும் என்பது அதை வடித்தவர்களின் எண்ணம். அந்த எண்ணம் திறந்த சாலையில் பலித்தது, ஊருக்குள் பலிக்கவில்லை. மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டோ, ரயில்வே கேட்டில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்துக்கொண்டோ இருக்கும் வண்டியில் இழுக்கும் காற்று இல்லை. குழாயின் வாயும் காலப்போக்கில் பிசுக்கினால் அடைபட்டிருக்கும். அப்போது உள்ளே கூடும் அழுத்தம் எங்கே பலவீனமான இணைப்பு இருக்கிறதோ அங்கே எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெளிப்படும். பலவீனமான இடம் பெரும்பாலும் சேம்பரின் மூலையே. மெக்கானிக் அதைக் கண்டு கார்க்கை மாற்றுவார். தேய்ந்த வளையங்களும் அடைபட்ட குழாயும் அப்படியே இருக்கும்.

ஆங்கிலேயர்களின் எஞ்சின்களில் இந்தத் தொல்லை இரட்டிப்பாக இருந்தது. கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் வைப்பதற்குப் பதிலாக, அவர்களில் பலர் மரைபோல் சுற்றிய ஒரு பள்ளத்தை வெட்டி, தண்டு சுழலும்போது எண்ணெயை அந்த மரையே திருப்பி உள்ளே தள்ளிவிடும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். யுக்தி சாமர்த்தியமானது, தேய்மானம் இல்லாதது. எஞ்சின் நின்றுவிட்டால் மட்டும் அங்கே தடை ஏதுமில்லை. உள்ளே அழுத்தம் கூடினாலும் மரை தோற்றுவிடும். அங்கிருந்து வழிந்த எண்ணெய் சேம்பரின் பின்விளிம்பில் ஓடிச் சொட்ட, குற்றம் மறுபடியும் சேம்பர்ப் பேக்கிங்கின்மேல்தான் எழுதப்பட்டது.

இந்தக் காற்றுக்கு விமோசனம் கிடைத்தது ஒழுக்கைப் பற்றிய அக்கறையினால் அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகைமூட்டத்தினால். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆழமான ஆறுகளைக் கடக்கவேண்டிய டாங்கிகளுக்காக, கிராங்க் கேஸ் வாயுவை வெளியே விடாமல் எஞ்சினே உறிஞ்சி எரித்துவிடும் ஏற்பாடு ஒன்றைக் கையாண்டிருந்தார்கள். நகரத்தின் நச்சுப் புகையில் கணிசமான பங்கு கிராங்க் கேஸ் குழாய்களிலிருந்து வருவது தெரிந்ததும், 1961ஆம் ஆண்டு மாடல் முதல் கலிபோர்னியாவிலும் 1963 மாடல் முதல் அமெரிக்கா முழுவதிலும் அதே ஏற்பாட்டை வண்டிகளில் பொருத்தலானார்கள். சேம்பருக்குள் அழுத்தத்துக்குப் பதிலாக மெல்லிய உறிஞ்சல் குடியேறியது. அதே பழைய கார்க், அதே தகட்டு விளிம்பு. ஆனால் ஒழுக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது. கார்க்கின் தரப்பில் வாதாட இதைவிட நல்ல சாட்சியம் வேண்டியதில்லை.

சென்னைக்கு இந்தச் சரித்திரத்தில் தனியான ஓர் அத்தியாயம் உண்டு. 1950களின் முற்பகுதியில் உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யத் திட்டமில்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று அரசாங்கம் முடிவு செய்ததன் விளைவாக ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட, எஞ்சியிருந்த சிலவற்றுள் ஒன்று வண்டலூரில் தொழிற்சாலை அமைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ். கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து பிறந்த இந்த ஸ்தாபனம் 1961 முதல் ஹெரால்டு வண்டியைச் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் அதே ஆண்டிலேயே அதைவிடப் பெரிய எஞ்சினுக்கு மாறிவிட்டார்கள். நம்மவர்களோ 948 சி.சி. எஞ்சினையே விடாமல் பிடித்துக்கொண்டு, ஹெரால்டுக்குப் பின்வந்த கெஸலிலும் அதையே வைத்து, எழுபதுகளிலும் ஓட்டினார்கள். மூக்கிலிருந்து கண்ணாடி வரை முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் அந்த வண்டியில், டயரின்மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினைப் பார்த்து வேலை செய்யலாம் என்பது மெக்கானிக்குகளுக்கு அது தந்த பெரும் சுகம். சேம்பர் மட்டும் அந்தச் சுகத்துக்கு ஈடுகட்டிவிட்டது.

அந்த எஞ்சினின் அடியை ஒருமுறை திருப்பிப் போட்டுப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். முன்பக்கத்துப் பேரிங் மூடியின் எதிரே பிளாக்கின் இரு சுவர்களுக்கும் நடுவே ஒரு திறப்பு இருக்கும். வார்ப்பிலேயே அதை மூடாமல், விரல் பருமனுள்ள ஓர் அலுமினியத் துண்டைக் குறுக்கே பாலம்போல் வைத்து, தட்டைத் தலைத் திருகுகள் இரண்டினால் பிளாக்கோடு பிணைத்திருப்பார்கள். அந்தத் துண்டின் அடிமுகம்தான் சேம்பரின் முன்விளிம்பு வந்து அமரும் இடம். துண்டின் இரு முனைகளுக்கும் பிளாக்கின் சுவருக்கும் நடுவே எஞ்சும் சிறு சந்தில் எதை வைத்து அடைப்பது என்று கோவென்ட்ரியின் இஞ்சினீயர்கள் யோசித்து முடிவு செய்த வஸ்து, வாசகர்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், மரம். தச்சன் ஆப்பு வைப்பதுபோலச் சிறு மர ஆப்பு இரண்டைப் பசையில் தோய்த்து, சந்தில் வைத்து, சுத்தியலால் தட்டி இறக்கி, வெளியே துருத்துவதைக் கூர்மையான கத்தியால் சேம்பர் முகத்தோடு மட்டமாகச் சீவிவிட வேண்டும். ரப்பர் யுகத்தில், ஜெட் விமானம் பறந்த காலத்தில், மோட்டார் எஞ்சினில் மர ஆப்பா என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் ஏளனத்துக்கு இடம் தெரியவில்லை. எந்த இரண்டு பிளாக்கிலும் அந்தச் சந்து ஒரே அளவாக இராது. அச்சில் வார்த்த ரப்பர் ஓர் அளவுக்குத்தான் பொருந்தும். மரமோ இருக்கிற சந்துக்கு ஏற்பத் தன்னை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கார்க் விளிம்பில் செய்கிற அதே வேலையை அது மூலையில் செய்தது. இதே கம்பெனியின் வேன்கார்டு எஞ்சினில் பின்பக்கத்துப் பேரிங் மூடியின் இரு ஓரத்துப் பள்ளங்களிலும், பசையில் நனைத்த ஃபெல்ட் திரியைக் கம்பியால் குத்திக் குத்தித் திணிக்கவேண்டும் என்றிருந்ததும் இதே மனப்பான்மையால்தான்.

உண்மையான அபாயம் மரத்தில் இல்லை, அலுமினியத்தில் இருந்தது. சேம்பரின் முன்பக்கத்துப் போல்ட்டுகள் மிருதுவான அந்த அலுமினியத் துண்டில் வெட்டிய மரைக்குள் ஏறவேண்டும். வார்ப்பிரும்பில் ஏறும் மற்றப் போல்ட்டுகளை முறுக்கிப் பழகிய கை, அதே உத்வேகத்தோடு இந்தப் போல்ட்டுகளையும் முறுக்கினால், கடைசிக் கால் திருப்பில் எதிர்ப்பு சட்டென்று இளகிவிடும். மூன்று நொடி மௌனத்துக்குப் பிறகு வரும் “மரை விட்டுடுச்சு” என்ற அந்த வாக்கியத்தைக் கேட்காத ஹெரால்டு உடைமைக்காரர் வெகு சிலரே. பிறகு அந்தத் துளைக்குப் பெரிய மரை வெட்டுவதும், எம்-சீல் அப்புவதும், புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து வேறொரு துண்டைத் தேடுவதும் அவரவர் பாக்கியம்.

போல்ட்டை ஏன் அவ்வளவு முறுக்குகிறார்கள் என்றால், ஒழுகுகிறதே என்ற பயத்தினால்தான். முறுக்குவதனால்தான் ஒழுகுகிறது என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. சேம்பரின் விளிம்பு மெல்லிய தகடு. போல்ட்டின் தலை அழுத்தும் இடத்தில் அது மேல்நோக்கிக் குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே பேக்கிங்கை விட்டு விலகிவிடும். கார்க் அந்தப் புள்ளியில் நசுங்கிப் பொடியாகும். நடுவில் தளர்ந்து நிற்கும். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் புத்தகம் அம்பாஸடர் ஜாதி எஞ்சினின் சேம்பர்ப் போல்ட்டுகளுக்கு விதித்த முறுக்கு 6 அடி-பவுண்டுதான். இரண்டு விரலால் சிறு ஸ்பானரைப் பிடித்து மணிக்கட்டால் அழுத்துகிற அளவு அது. புத்தகம் பார்க்காத பழைய மெக்கானிக்குகளில் சிலர் இதை வேறுவிதமாக அறிந்திருந்தார்கள்: பேக்கிங்கின் ஓரம் சிறிதே உப்பியதும் கையை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் முதலில் சேம்பரைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து, ஓர் இரும்புக் கட்டையின்மேல் கவிழ்த்து, ஒவ்வொரு துளையைச் சுற்றிலும் எழும்பியிருக்கும் குமிழைச் சிறு சுத்தியலால் தட்டி உட்காரவைப்பார்கள். நேர்விளிம்புள்ள அளவுகோலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அடியில் ஒளி தெரிகிறதா என்று பார்த்த பிறகே பேக்கிங்கை எடுப்பார்கள். நடுப்போல்ட்டில் தொடங்கி இருபுறமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றில் முறுக்குவது. எஞ்சின் ஒருமுறை சூடேறி ஆறியபின் மறுபடி ஒரு சுற்று தொட்டுப் பார்ப்பது. இவ்வளவே அவர்களுடைய வித்தை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் வேண்டிய பேக்கிங் கிடைக்காத நாட்களில், கார்க் தாளை விளிம்பின்மேல் விரித்து, உருண்டை முனைச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றிலும் மெல்லத் தட்டி, இரும்பின் கூர்விளிம்பையே கத்தியாக்கி அங்கேயே புதுப் பேக்கிங் வெட்டிக்கொண்டவர்களும் அவர்களே.

இரசாயனம் இதற்குள் தன் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. 1930இல் அமெரிக்காவின் ட்யூபான்ட் ஆராய்ச்சிசாலையில் நியோப்ரீனும், அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியில் நைட்ரைல் ரப்பரும் பிறந்தன. எண்ணெயில் ஊறி இளகாத ரப்பர் என்பது அதற்குமுன் அரிது. அதன் துகளைக் கார்க்கோடு கலந்தபோது சுருங்காத, ஒடியாத பேக்கிங் கிடைத்தது. ஜெட் எஞ்சின்களுக்காக ரோல்ஸ்-ராய்ஸ் உருவாக்கிய, என்றும் இறுகாத நீலப் பசை ஹைலோமார் என்ற பெயரில் மோட்டார்க்காரர்களின் கைக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக வந்தது சிலிக்கோன். நாட்டிங்ஹாமில் ஃப்ரெடரிக் கிப்பிங் என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் ஆராய்ந்தும் பெரிய பயன் ஏதும் விளையாது என்று எண்ணிய அந்த வர்க்கத்து வஸ்துக்கள், 1940களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பெருமளவு உற்பத்தியாகத் தொடங்கி, யுத்தத்துக்குப் பின் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தானே ரப்பராக இறுகும் பசையாகக் குழாயில் அடைபட்டு வந்து சேர்ந்தன. இறுகும்போது வீசும் வினிகர் வாசனையால் பட்டறையில் அதை மூக்காலேயே அறியலாம். சென்னையில் அனபாண்ட் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது இந்த இனத்தைத்தான்.

பேக்கிங் வேண்டாம், விளிம்பில் ஒரு கோடு இழுத்தால் போதும் என்று ஏற்பட்டபின் தொழில் சுலபமாயிற்று என்று சொல்வார்கள். புதிய எஞ்சின்களில் அது மெய். அவற்றின் சேம்பர் விளிம்புகள் கடைந்து சமப்படுத்தியவை, அல்லது பசைக்கென்றே பள்ளம் விட்டு வார்த்தவை. அறுபது ஆண்டு முதிர்ந்த ஹெரால்டின் தகட்டு விளிம்பில் ஒரு பென்சில் பருமனுக்குச் சிலிக்கோனைப் பிதுக்கி, உடனே போல்ட்டை முறுக்கினால், வெளியே பிதுங்கியதைக் கையால் வழித்துவிடலாம். உள்ளே பிதுங்கியதை யார் வழிப்பது? அது உள்ளேயே புழுவாக இறுகி, ஒருநாள் அறுந்து, எண்ணெயில் மிதந்து, பம்பின் உறிஞ்சு வலையில் போய்ப் படிந்துவிட்டால், ஒழுக்கு நின்ற எஞ்சினில் பேரிங்குகள் எண்ணெயின்றிக் கருகும். ஆகையால் பழைய எஞ்சின்களைப் பேணுகிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் கார்க்கையே வைத்து, மூலைகளில் மட்டும் கடுகளவு சிலிக்கோனைத் தொட்டுவைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் காயவிட்ட பிறகே எண்ணெய் ஊற்றுகிறார்கள். ஹெரால்டின் அலுமினியத் துண்டுக்குப் பதிலாக எஃகில் கடைந்த துண்டுகள் இப்போது இங்கிலாந்தில் விற்பனைக்கு வருகின்றன. மரை கழன்றுபோகும் பயம் அதோடு தீர்ந்தது. அந்த எஃகுத் துண்டின் இரு முனைச் சந்துகளையும் சிலர் சிலிக்கோனால் நிரப்புகிறார்கள். சிலர் பழையபடி ஆப்புச் சீவிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணெய் மாற்றும் அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு போகவேண்டியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஆப்புதான். அது காய்வதற்கு நேரம் கேட்பதில்லை.